பணிக்கு வாற பசங்க தப்பு பண்ணினா என்ன செய்யணும்: சின்ன காண்ட்ராக்ட் கடைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தக்கலை பக்கம் வயரிங், பிளம்பிங், மோட்டார் வேலை எடுத்துச் செய்ற கடை எனக்க கடை. மொத்தம் ஒன்பது பேரு, அதுல ரெண்டு மேசிரி, நாலு வயர்மேன், மிச்சம் கையாளு. பக்கத்துல புதுசா கடை போட்ட பசங்க நாலஞ்சு பேரு அடிக்கடி வந்து "அண்ணே, இவன நிறுத்தலாமா, சம்பளத்துல பிடிக்கலாமா"ன்னு கேப்பானுவ, விசாரிச்சா பாதிப்பேரு ஏற்கெனவே நிறுத்திட்டுதான் கேக்கானுவ.

எல்லாரும் வழுக்குறது ஒரே இடத்துல. பதினோரு தடவ பல்லக் கடிச்சிட்டு சும்மா இருப்பாங்க, பன்னெண்டாவது தடவ சைட்ல வச்சு வெடிப்பாங்க. பையனுக்கு முந்தின பதினொண்ணும் தப்புன்னே தெரியாது, ஏன்னா யாரும் சொல்லல. அதனால கீழ உள்ள வரிசைய மாத்தாம செய்யுங்க, இதுல வரிசைதான் விசயமே.

1. மொதல்ல நோட்டு, அப்புறம்தான் வாய்

தப்பு நடந்த பிறகு நோட்டு போட ஆரம்பிச்சா அது அவனுக்காகவே போட்ட நோட்டு ஆயிரும். எல்லாருக்கும் சேத்து, ஒண்ணும் நடக்காத நேரத்துலயே ஆரம்பிக்கணும்.

வருகை நோட்டுல வந்த நேரம், போன நேரம், கையெழுத்து வேணும். வெறும் டிக் போதாது. "எப்பமும் லேட்டாத்தான் வாறான்"னு நீங்க சொன்னா அவன் "எப்பம்ணே லேட்டு"ன்னு கேப்பான், அங்கயே பேச்சு முடிஞ்சிரும். "இந்த மாசம் 4, 9, 11, 17"ன்னு தேதி சொன்னா அவனுக்கும் யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். அதோட நோட்டப் பாத்தா நாம நினைச்ச அளவுக்கு அவன் லேட்டே இல்லன்னு தெரியதும் உண்டு, எனக்கு ரெண்டு தடவ அப்படி ஆயிருக்கு.

அடுத்தது டூல் நோட்டு. எந்த டிரில்லிங் மெஷின யாரு எடுத்துட்டுப் போனா, எப்பம் திரும்ப வச்சா, வைக்கும்போது வயரு நல்லா இருந்துதா. மெஷின் பாடில பெயிண்ட்ல நம்பர் போட்டிருங்க, "பச்ச கலர் மெஷின்"னு எழுதி வச்சா அடுத்த வருசம் பச்சையில மூணு மெஷின் இருக்கும்.

அட்வான்ஸுக்கு ஆளுக்கு ஒரு பக்கம், ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும். அப்புறம் ஆளுக்கு ஒரு ஃபைல், அதுல பணிக்குச் சேந்த தேதி, சம்பளம், என்ன வேலை, ஆதார் ஜெராக்ஸ். ஜெராக்ஸ்னுதான் சொல்லுறேன். ஒரிஜினல் ஆதார், லைசென்ஸ், பைக் ஆர்சி எதையும் வாங்கி வைக்காதீங்க. அட்வான்ஸுக்கு ஈடா வாங்கி வைக்கது நம்ம பக்கம் பழக்கமாவே இருக்கு. ஆனா அவன் ஒரு புகார் குடுத்தா அவன் செஞ்ச தப்பு மறைஞ்சு நீங்க செஞ்சதுதான் மேல நிக்கும்.

2. விதி ஒரு பக்கத்துக்குள்ள இருக்கணும்

எனக்க கடையில எட்டு வரிதான். காலையில எட்டரைக்கு கடையில இருக்கணும். வர முடியலன்னா ஏழரைக்குள்ள போன் பண்ணணும், மெசேஜ் செல்லாது. மெயின் ஆஃப் பண்ணி டெஸ்டர் வச்சுப் பாக்காம போர்டுல கை வைக்கக்கூடாது. மொட்டை மாடி ஓரத்துல நின்னா சேஃப்டி பெல்ட் போடணும். குடிச்சிட்டு பணிக்கு வரக்கூடாது. வீட்டுக்காரங்ககிட்ட நேர கைக்காசு வாங்கக்கூடாது. கட் பீஸ் வயரு, பழைய செம்பு எல்லாம் கடைக்கு வரணும். வீட்டுல உள்ள பெண்கள்கிட்ட, பிள்ளைகள்கிட்ட மரியாதையா நடக்கணும்.

ஏழாவது வரியப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பழைய வீட்டு வயரிங் பிரிச்சா செம்பு ஒருபாடு வரும், அது வீட்டுக்காரருக்கா, காண்ட்ராக்டருக்கா, பணிக்காரனுக்கான்னு யாரும் பேசிக்கறதே இல்ல. ஆக்கர் கடையில, அதாவது பழைய சாமான் கடையில போட்டு சாயா குடிச்சவன் "இது எப்பமும் உள்ள வழக்கம்தானே"ன்னு நினைச்சிருப்பான், நீங்க அத திருட்டுன்னு நினைப்பீங்க. எழுதாத விதிக்கு தண்டனை குடுத்தா அது அநியாயம்தான். நான் இப்பம் வீட்டுக்காரர்கிட்ட முன்னயே கேட்டு முடிவு பண்ணி, கடைக்கு வாறத எடை போட்டு, வித்த காசுல பாதிய அந்த சைட் பசங்களுக்கே பிரிச்சுக் குடுக்கேன். அதுக்கப்புறம் செம்பு காணாமப் போறது நின்னுபோச்சு.

எழுதினத கைல குடுத்தா மட்டும் போதாது, உக்கார வச்சு வாசிச்சுக் காட்டணும். என்கிட்ட ஒரு ஒடிசாப் பையன் உண்டு, அவனுக்கு இந்தி தெரிஞ்ச ஒருத்தன வச்சு சொன்னேன், சொல்லிட்டு "இப்பம் நீ எனக்குத் திருப்பிச் சொல்லு"ன்னேன். பெல்ட் விதிய அவன் தலைகீழா புரிஞ்சிருந்தான், மழைநாள்ல மட்டும்னு.

3. சட்டத்துல இவ்வளவு தெரிஞ்சா போதும்

நீளமா சொல்லல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல 41-வது பிரிவு உண்டு. ஆறு மாசமோ அதுக்கு மேலயோ தொடர்ச்சியா பணி செஞ்ச ஆள நிறுத்தணும்னா நியாயமான காரணம் வேணும், ஒரு மாச நோட்டீசோ அதுக்குப் பதில் ஒரு மாசச் சம்பளமோ குடுக்கணும். ஒழுங்கீனத்துக்காக நிறுத்துனா நோட்டீஸ் வேண்டாம், ஆனா முறையா விசாரணை நடத்தி ஆதாரத்த எழுத்துல பதிஞ்சிருக்கணும். நிறுத்துனது தப்புன்னு அவன் அப்பீல் போகவும் வழி உண்டு.

2025 நவம்பர் 21-ல இருந்து மத்திய அரசோட நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்திருக்கு. அதுல ஊதியத் தொகுப்புப்படி ஒருத்தன் நின்னாலும் சரி, நீங்க நிறுத்துனாலும் சரி, ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிச் சம்பளத்த முடிச்சுக் குடுக்கணும். "அடுத்த சனிக்கிழம வா பாக்கலாம்"ங்கற கதையெல்லாம் இப்பம் ஆகாது.

நூத்துக்கணக்குல ஆளு இருக்க கம்பெனிக்கு உள்ள நிலையாணை, அதாவது எழுதி வைக்க வேண்டிய பணி விதியெல்லாம் நம்மள மாதிரி கடைக்கு கட்டாயமில்ல. ஆனா சொல்ல வாய்ப்பு குடுக்கணும், கேட்ட பிறகு முடிவெடுக்கணும்ங்கற அடிப்படை எட்டுபேரு கடைக்கும் உண்டு. பெரிய விசயமா போச்சுன்னா நாகர்கோவில்ல தொழிலாளர் துறை ஆபீஸ்ல கேளுங்க, இல்ல ஒரு வக்கீல்கிட்ட ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்துக் கேளுங்க, பின்னால கேஸ் நடத்துறதுக்கு அது லாபம்.

4. தப்பா, தெரியாமையா, வேற ஏதாவதா

இந்த இடத்த யாரும் நிதானமா செய்றதே இல்ல. ஒரு விசயம் நடந்ததும் மூணு கேள்வி கேளுங்க. அவனுக்கு செய்யத் தெரியுமா? செய்ய முடிஞ்சிதா? தெரிஞ்சு, முடிஞ்சும் செய்யலயா? மூணாவதுக்கு மட்டும்தான் ஒழுங்கு நடவடிக்கை.

போன வருசம் ஒரு கையாளு, சேந்து மூணு மாசம்தான் ஆச்சு, ரெண்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன வெட்டி விடுற சுவிட்ச்) உள்ள போர்டுல ஒரு லைனுக்க நியூட்ரல இன்னொண்ணோட சேத்து மாட்டிட்டான். லைட்டப் போட்டா ட்ரிப் ஆகுது. வீட்டுக்காரர் என்ன போன்ல காய்ச்சு எடுத்தாரு. அந்தக் கோவத்துல இறங்கிப் போனா அவன திட்டத்தான் தோணும். ஆனா அவனத் தனியா போர்டுல விட்டது யாரு? மேசிரி. மேசிரிய அன்னைக்கு வேற சைட்டுக்கு அனுப்புனது யாரு? நான். கையாளுக்கு ஒரு மத்தியானம் பாடம் எடுத்தோம், அவ்வளவுதான். அதையே தெரிஞ்ச வயர்மேன் செய்து, ட்ரிப் ஆகாம இருக்க ஆர்சிசிபிய பைபாஸ் பண்ணி விட்டுட்டு வந்தா அது வேற கணக்கு, பெரிய கணக்கு.

பெருசு சிறுசு பிரிக்கதும் இங்கயே. லேட், சொல்லாம லீவு, சைட்ட கூட்டிப் பெருக்காம வாறது எல்லாம் சின்னது. பெல்ட் போடாதது, மெயின் ஆஃப் பண்ணாதது, கைக்காசு வாங்குறது நடுத்தரம். அடிதடி, திருட்டு, பணி நேரத்துல குடி, பெண்கள்கிட்ட தப்பா நடக்கது பெருசு. கடைசில சொன்ன மாதிரி புகார நம்மகிட்ட பணி செய்ற பெண்ணு குடுத்தா நீங்களே பஞ்சாயத்து பண்ணி முடிக்காதீங்க. பத்து பேருக்குக் கீழ உள்ள இடத்துக்கு மாவட்ட அளவுல உள்ளூர் புகார்க் குழு உண்டு, அங்க போறதுக்கு அந்தப் பெண்ணுக்கு உதவுங்க.

மழைக்காலத்துல பணி இல்லாம ஆளக் குறைக்கத ஒழுங்கு நடவடிக்கையோட கலக்காதீங்க. ஐப்பசி கார்த்திகையில சைட் நின்னுபோச்சுன்னா அது பணிக்குறைவு. அதுக்கு பழைய தப்பத் தோண்டி எடுத்து காரணம் காட்டுனா மிச்ச எட்டுபேரும் பாத்துட்டுத்தான் இருப்பான்.

5. நடந்த அந்த நிமிசம்: ஆபத்த நிறுத்து, முடிவு எடுக்காத

அந்த நேரத்துல உங்க பணி ஒண்ணே ஒண்ணுதான், ஆபத்த நிறுத்துறது. மெயின ஆஃப் பண்ணுங்க, அவன கீழ இறக்குங்க, சண்டையா இருந்தா ரெண்டு பேரையும் ரெண்டு இடத்துக்கு அனுப்புங்க. "நாளைக்கு காலைல பேசுவோம்"னு மட்டும் சொல்லுங்க.

குடிச்சிருந்தா அவன அவனுக்க பைக்ல போகச் சொல்லாதீங்க. சாவிய வாங்கி வச்சிட்டு ஆட்டோவுலயோ இன்னொருத்தன் கூடயோ வீட்டுல விட்டிருங்க. கோவத்துல "எறங்கிப் போ"ன்னு விட்டு அவன் ரோட்டுல விழுந்தா அந்தக் குறை ஆயுசுக்கும் போகாது. டாஸ்மாக் மத்தியானம் 12 மணிக்குத்தான் திறப்பான், காலை எட்டரைக்கு மணக்குதுன்னா அது பெரும்பாலும் நேத்து ராத்திரி உள்ளது, அவனுக்கே தான் தெளிஞ்சாச்சுன்னு நினைப்பு இருக்கும். எப்படியானாலும் ஏணில ஏத்தாதீங்க. நம்மகிட்ட ஊதுற மெஷின் கிடையாது, அதனால "குடிச்சிருந்தான்"னு எழுதாம, மணம் வந்துச்சு, நடக்கும்போது தடுமாறுனான், ஸ்க்ரூ டிரைவர மூணு தடவ கீழ போட்டான்னு கண்ணால பாத்தத எழுதுங்க, கூட இன்னொருத்தரையும் பாக்க வைங்க.

வீட்டுக்காரங்க முன்னால சத்தம் போடக்கூடாதுன்னு நான் சொல்லதுக்கு ஒரு காரணம் உண்டு. கருங்கல் பக்கம் ஒரு வீட்டுல வயரு இழுத்துட்டிருந்த நேரம், ரெண்டரை எம்எம் வயர் 90 மீட்டர் காயில் ரெண்டு காணல. ஸ்டோர் சாவி ஒரு வயர்மேன் கையிலதான். வீட்டுக்காரரும் அவருக்க மச்சானும் நிக்காங்க, நான் அங்கயே "எங்கல வித்த"ன்னு கேட்டுட்டேன். அவன் என்னப் பாத்தான், வீட்டுக்காரரப் பாத்தான், ஒண்ணும் சொல்லல. பேசாம நிக்கானே, அப்பம் எடுத்திருக்கான்னுதான் எனக்குத் தோணிச்சு. சாவிய வாங்கிட்டு அனுப்பிட்டேன்.

ராத்திரி போன நோண்டும்போது எனக்க வாய்ஸ் மெசேஜே கிடக்கு. செவ்வாய்க்கிழம சாயங்காலம் நான்தான் அவனுக்கு அனுப்பிருக்கேன், "அந்த ரெண்டு காயில திங்கள்சந்தை சைட்டுக்கு தூக்கிட்டுப் போயிரு"ன்னு. கொண்டு வச்சிருக்கான். மேசிரியக் கூட்டிட்டு அவனுக்க வீட்டுக்குப் போனேன், அவனுக்க அம்மா சாயா கொண்டு வச்சாங்க, ஒரு வார்த்த பேசல. எட்டு நாள் கழிச்சு பணிக்கு வந்தான். ஆனா கருங்கல் வீட்டுக்காரரு இன்னும் மோட்டார் ரிப்பேர்னு கூப்பிட்டா "அந்தப் பையன அனுப்பாதீங்க"ன்னு சொல்றாரு, நான் விளக்கிச் சொன்ன பிறகும்.

6. விசாரிக்க வரிசை

சின்ன விசயம்னா நேர அவன்கிட்டயே கேளுங்க. காசு, சாமான், அடிதடின்னா முதல்ல காகிதம், அப்புறம் மத்தவங்க, கடைசியா அவன். ஏன்னா பாதி தெரிஞ்சிட்டுப் போய்க் கேட்டா அவன் சொல்றது சரியா தப்பான்னு உங்களால பாக்க முடியாது, மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கேப்பீங்க, அது போலீஸ் விசாரணை மாதிரி ஆயிரும்.

காகிதம்னா டூல் நோட்டு, பில்லு, வாட்ஸாப், உங்க போன் கூடத்தான், எனக்க கதையப் பாத்தீங்கல்லா. கூட பணி செஞ்சவங்ககிட்ட தனித்தனியா கேளுங்க. எல்லாரையும் நிப்பாட்டி "யாரு பாத்தா சொல்லுங்கலே"ன்னு கேட்டா ஒருத்தனும் சொல்லமாட்டான், சொன்னவன் அடுத்த நாள்ல இருந்து ஒத்தையில சோறு திங்கணும்.

வீட்டுக்காரங்க திருட்டுப் புகார் சொன்னா இன்னும் கவனம் வேணும். "மோதிரம் காணல, உங்க பசங்கதான்"னு போன் வரும். உடனே போங்க, கேளுங்க, எத்தன மணிக்கு கடைசியா பாத்தாங்க, அந்த ரூம்ல யாருக்கு பணி இருந்துதுன்னு எழுதுங்க. பசங்க பையத் தட்டிக் காட்டச் சொல்லாதீங்க, காசு தாறேன்னு ஒத்துக்கவும் செய்யாதீங்க. அவங்க போலீஸ்ல குடுக்கணும்னா குடுக்கட்டும், நாம ஒத்துழைப்போம்னு சொல்லுங்க. பையன வெளிமாநிலத்துக்காரன்னு பாத்ததும் விரல நீட்டுறது இப்பம் எல்லா இடத்துலயும் இருக்கு, அத நம்ம நோட்டுல ஏத்தக்கூடாது.

7. அவன உக்கார வச்சுக் கேளு

இடம் கடையில, ஷட்டர் பாதி இறக்கிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. சாயாக்கடை வேண்டாம், அங்க நாலு காது உண்டு. சம்பளம் குடுக்க சனிக்கிழமையும் வேண்டாம், காச கைல வச்சிட்டு பேசுனா மிரட்டல் மாதிரிதான் இருக்கும். நீங்க, ஒரு மேசிரி, அவன், அவன் வேணும்னா அவன் கூட ஒருத்தன். எதப்பத்திப் பேசப்போறோம்னு முந்தின நாளே சொல்லிருங்க, யோசிச்சிட்டு வரட்டும்.

கேள்விய ஒரு தடவ கேளுங்க, அப்புறம் வாய மூடுங்க. மூடுறதுதான் கஷ்டம். ஒரு வயர்மேன்கிட்ட நான் பேசுனது இப்படி:

"மக்கா, இந்த மாசம் ஏழு நாள் ஒன்பது மணிக்கு மேலதான் வந்திருக்க. என்ன சங்கதி?"

"ஒண்ணுமில்லண்ணே. இனி வந்திருவேன்."

நான் பேசல. சாயாவுல ஆடை படிஞ்சிட்டிருந்து. மேசிரி ஏதோ சொல்ல வந்தாரு, கையக் காட்டி நிறுத்துனேன். ஒரு நிமிசம் இருக்கும்.

"அவ பிரசவத்துக்கு அவளுக்க வீட்டுக்குப் போயிட்டாண்ணே. மூத்தவன ஸ்கூல் வேன்ல ஏத்தணும், வேன் எட்டே முக்காலுக்குத்தான் வாறது. அம்மைக்கு முட்டு வலி, ரோடு வரைக்கும் நடக்க ஏலாது."

இதுக்கு வார்னிங் குடுத்து என்ன ஆகும்? மூணு மாசத்துக்கு அவனுக்கு ஒன்பதே காலுக்கு வரலாம், ஆறேகாலுக்கு போகணும்னு மாத்தி எழுதுனேன், அத எல்லாருக்கும் சொன்னேன், ரகசியமா விட்டா மத்தவன் "அவனுக்கு மட்டும்"னு பேசுவான். எல்லா காரணத்தையும் ஏத்துக்கணும்னு இல்ல. ஒரே வருசத்துல மூணு தடவ பாட்டியக் கொன்ன ஒருத்தனும் என்கிட்ட இருந்தான், ஃபைலத் திறந்து மூணு தேதியையும் காட்டுனேன், அவனே சிரிச்சிட்டான், வார்னிங்கும் வாங்கிட்டான்.

பேசுனத அன்னைக்கு ராத்திரியே அஞ்சு வரி எழுதுங்க, அடுத்த நாள் அவன்கிட்ட வாசிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க. வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்குறது, மன்னிப்புக் கடிதம் நீங்களே எழுதி ஒப்பு வைக்கச் சொல்லது ரெண்டும் வேண்டாம். நாளைக்கு வேணும்னா அவன் பக்கமே சாட்சியா நிக்கும் அது.

8. முடிவ ஒரு ராத்திரி தள்ளிப் போடு, பழைய ஃபைலப் பாரு

இதே தப்ப இன்னொருத்தன் செஞ்சப்பம் என்ன குடுத்தோம்? இதுதான் முக்கியமான கேள்வி. எனக்க மனைவிக்க தம்பி ஒருத்தன் ரெண்டு வருசம் என்கிட்ட இருந்தான். பெல்ட் போடாம மாடி ஓரத்துல நின்னான்னு அவனுக்கு எழுத்துல வார்னிங் குடுத்தேன், வீட்டுல ஒரு வாரம் பேச்சு வார்த்த இல்ல. ஆனா அதுக்கப்புறம் எந்தப் பையனும் "உங்களுக்கு வேண்டியவன்னா மட்டும்"னு சொல்லல.

படி இதுதான்: வாய்ச்சொல், எழுத்து, கடைசி எழுத்து, நிறுத்துறது. வாய்ச்சொல்லுக்கும் தேதி போட்டு நோட்டுல எழுதணும், இல்லன்னா சொல்லல. பெரிய தப்புக்கு நேர கடைசி எழுத்துக்கோ விசாரணைக்கோ போகலாம். எழுத்து ஆறு மாசம் உயிரோட இருக்கும், அதுக்குள்ள மறுபடி நடக்கலன்னா முடிஞ்சிது. பழசயே சொல்லிட்டிருந்தா எவனும் திருந்தி என்ன பிரயோசனம்னு விட்டிருவான்.

எழுத்து எப்படி இருக்கும்னு ஒண்ணு காட்டுறேன், இது உள்ளதுதான், பேரு மட்டும் எடுத்துட்டேன்:

"12-ஆம் தேதி காலை 11 மணிக்கு சைட்டில் மெயின் ஆஃப் செய்யாமல் டிபி போர்டில் வேலை செய்ததை நானும் மேசிரியும் நேரில் பார்த்தோம். இது நம் கடை விதி 3-க்கு மாறானது. உங்கள் விளக்கம்: ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, ஆஃப் செய்ய வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். இனி வீட்டுக்காரர் அப்படிச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் இது மீண்டும் நடந்தால் கடைசி எச்சரிக்கை தரப்படும்."

அவன் சொன்ன விளக்கமும் உள்ள இருக்கு பாருங்க. அது இல்லாத கடிதத்துல எவனும் மனசார கையெழுத்து போடமாட்டான். கையெழுத்து போடமாட்டேன்னா சண்ட வேண்டாம், "வாசித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்"னு எழுதி மேசிரிகிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்குங்க, ஒரு காப்பிய ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. வாட்ஸாப் குரூப்புல மட்டும் போடாதீங்க.

9. காசுல கை வைக்க முன்ன

இதுலதான் ஒருபாடு பேரு மாட்டுறாங்க. லேட்டா வந்தா 200, டூல் உடைஞ்சா முழு விலைன்னு இஷ்டத்துக்கு பிடிக்காங்க. சட்டப்படி அபராதம் ஒரு சம்பளக் காலத்துல சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக்கூடாது, 20,000 ரூபா சம்பளம்னா 600 ரூபா. அதுவும் அரசு ஒப்புதலோட முன்கூட்டியே அறிவிச்ச தப்புக்குத்தான், அவனுக்க விளக்கத்த நாம கேட்ட பிறகுதான், தவணையா பிடிக்கக்கூடாது, 90 நாள் தாண்டியும் பிடிக்கக்கூடாது, பதிவேடு வேணும், அந்தக் காசு பணிக்காரங்க நலனுக்கே போகணும். இவ்வளவு பாடுபட்டு 600 ரூபா வாங்கணுமா? நான் அபராதமே போடுறதில்ல. வராத நேரத்துக்குச் சம்பளம் இல்ல, அது அபராதம் ஆகாது, அரைநாள் வந்தா அரைநாள் கூலி.

சாமான் நஷ்டம் வேற. அவன் கவனக்குறைவால நேரடியா வந்த நஷ்டம்னா, விளக்கம் கேட்டுட்டு, நஷ்டத்துக்கு மிகாம பிடிக்கலாம். ஆனா நாலு வருசம் ஓடுன ஹேமர் டிரில்லு கார்பன் தேஞ்சு நின்னா அது தேய்மானம், உங்க செலவு. மழையில நனைய விட்டுட்டு வந்தான்னா அது அவனுக்க பொறுப்பு, அப்பவும் புது மெஷின் விலையக் கேக்காதீங்க, பழசுக்க விலை என்னவோ அது. எல்லாப் பிடித்தமும் சேந்து சம்பளத்துல பாதிக்கு மேல போகக்கூடாது, அட்வான்ஸும் அதுக்குள்ளதான்.

அட்வான்ஸ் வாங்கிட்டு களியக்காவிளை தாண்டி கூலி கூடன்னு திருவனந்தபுரம் பக்கம் போறவன நான் துரத்துறதில்ல. பத்தாயிரத்துக்கு மேல யாருக்கும் குடுக்காம வச்சாலே பாதித் தலைவலி போயிரும்.

10. நிறுத்தித்தான் ஆகணும்னா

முதல்ல குற்றச்சாட்ட எழுதிக் குடுங்க, என்ன, எப்பம், எங்கன்னு. பதில் சொல்ல ஒரு வாரம் குடுங்க. கடையில வச்சா ஆபத்துன்னா விசாரணை முடியது வரைக்கும் சஸ்பெண்ட் பண்ணலாம், ஆனா சும்மா வீட்டுல உக்கார வைக்க முடியாது, முதல் 90 நாளைக்கு பாதிச் சம்பளம்னு கணக்கு வச்சுக்கோங்க. அதனாலயே விசாரணைய பத்து நாள்ல முடிக்கப் பாருங்க.

விசாரணைய நீங்களே நடத்துனா புகார் குடுத்தவரும் நீங்க, தீர்ப்பு சொல்றவரும் நீங்கன்னு ஆயிரும். எனக்குத் தெரிஞ்ச இன்னொரு காண்ட்ராக்டர நான் உக்கார வைப்பேன், அவருக்கு நான் போய் உக்காருவேன். செலவு ஒரு சாயாவும் பழம்பொரியும்தான். அவரு கேக்க கேள்வி சிலது எனக்கே உறைக்கும், "இவனுக்கு முன்ன நீ எழுத்துல குடுத்தியா"ன்னு.

சாட்சிய அவன் முன்னால கேளுங்க, அவன் எதிர்க்கேள்வி கேக்க விடுங்க, எல்லாத்தையும் எழுதி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்க. நிரூபணம் ஆச்சுன்னா காரணத்த எழுதி முடிவக் குடுங்க. சந்தேகம் இருக்கு, ஆனா ஆளு இனி சரிப்படாதுன்னா திருட்டுப் பட்டம் கட்டாம, ஒரு மாச நோட்டீஸோ சம்பளமோ குடுத்து முறையா பிரியுங்க. அதுக்கும் நியாயமான காரணம் எழுத்துல வேணும். ராஜினாமா எழுதித் தான்னு நெருக்காதீங்க.

கடைசி நாள்ல சாவி, டூல், நம்ம சிம் இருந்தா அது, எல்லாம் டூல் நோட்டப் பாத்து வாங்குங்க. பாக்கி ரெண்டு வேலை நாளுக்குள்ள பேங்க்ல போடுங்க. சேந்த தேதி, நின்ன தேதி, என்ன பணி செஞ்சான்னு ஒரு சான்று குடுங்க, அதுல காரணம் வேண்டாம். நலவாரிய அட்டை புதுப்பிக்க கையெழுத்து கேட்டா அவன் பணி செஞ்ச நாளுக்கு உள்ளத போட்டுக் குடுங்க.

11. மறுநாள் காலைல

மிச்ச எட்டுபேரும் உங்க முகத்தத்தான் பாப்பான். "அவன் இனி நம்ம கடையில இல்ல, விசயம் முறையா முடிஞ்சிது"ன்னு மட்டும் சொல்லிட்டு அன்னைக்கு உள்ள சைட்டப் பிரிச்சுக் குடுங்க. என்ன நடந்ததுன்னு விவரிக்காதீங்க, வீட்டுக்காரங்ககிட்டயும் ஆள் மாறியாச்சுன்னு சொன்னாப் போதும். வார்னிங் வாங்கிட்டு இருக்கவன முப்பது நாள் கழிச்சு ஒரு தடவ தனியா கூப்பிட்டு, சரியா இருந்தா சரியா இருக்குன்னு சொல்லுங்க. இத மறந்திருவீங்க, அதனால வார்னிங் குடுக்க அன்னைக்கே போன்ல ரிமைண்டர் போட்டிருங்க.

நிறுத்துனவன் ஒரு வருசம் கழிச்சு திரும்ப வந்து நிப்பான், நம்ம ஊரு சின்ன ஊரு, கல்யாண வீட்டுல பாப்போம், சர்ச்சுல பாப்போம். எடுக்கணுமா வேண்டாமான்னு அங்க வச்சு சொல்லாதீங்க, கடைக்கு வரச்சொல்லி ஃபைல எடுத்து வச்சிட்டுப் பேசுங்க. நான் ரெண்டு பேர எடுத்திருக்கேன். ஒருத்தன் இப்பம் மேசிரி. இன்னொருத்தன் மூணாவது மாசமே அட்வான்ஸ் வாங்கிட்டு நெய்யாற்றின்கரைக்குப் போயிட்டான், 8,500 ரூபா பாக்கி, நோட்டுல அவனுக்க பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கு.